அங்கே செய்தது

அறுபத்தைந்தில் போகவேண்டிய சாலையில்
எண்பத்து நான்கில் போனாள் வெர்னா ஹ்ருஷ்கா,
கன்கார்டியா ஊருக்கு வடக்கே, ஆற்றுப்பாலம் தாண்டி,
அக்டோபர் ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்து.
மக்காச்சோளம் அறுத்து முடித்த வயல்கள்.
மறைந்து நிற்க ஒரு மரம் கிடையாது.
எங்கிருந்துதான் முளைத்தானோ அந்தக் கன்சாஸ் போலீஸ்காரன்.

இளவயது. தொப்பியைத் தொட்டுக்கொண்டு
"என்னம்மா அவசரம்?" என்றான்.
அவசரம் ஒன்றுமில்லை என்றாள்.
உண்மைதான்.
நாற்பது நிமிடம் ஒரு வீட்டெதிரே
என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு
இறங்காமலே திரும்புகிறவளுக்கு
என்ன அவசரம்.

நெப்ராஸ்கா எல்லைக்குள் நுழைந்ததும்
கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். யாருமில்லை.
சீட்டு அவர்களுடையது, நான் இந்தப் பக்கத்துக்காரி.
நீதிமன்றம் போனால் ஒருநாள் சம்பளம் போகும்.
நூற்று எழுபத்தொரு டாலருக்குக் காசோலை எழுதி
தபால்தலை ஒட்டி அனுப்பினாள்.
கட்டியாயிற்று, கணக்குத் தீர்ந்தது.

சீட்டின் பின்பக்கம் பொடியெழுத்தில் இருந்ததை
அவள் படிக்கவில்லை:
கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது.
தானியம் உலர்த்தும் எந்திரம் யாருக்கு என்கிற தகராறில்
பதினொரு வருடமாகத் தம்பி மிலோவிடம்
ஒப்புக்கொள்ளாத வெர்னா
கன்சாஸ் மாநிலத்திடம் ஒப்புக்கொண்டுவிட்டாள்,
மறுநாளே, தபாலில்.

டிசம்பரில் லிங்கனிலிருந்து கடிதம்.
மாநிலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமாம்.
ஆற்றுத் தண்ணீருக்கு வழக்காடிய அதே இரண்டும்
இதற்கென்று ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு
யார் எந்த வேகத்தில் போனார்கள் என்று
விடாமல் சொல்லிக்கொள்ளுமாம்.
அங்கே செய்தது இங்கே செய்ததாகவே கொள்ளப்படும்.
அவள் பெயருக்கு நேரே மூன்று புள்ளிகள்.

தமிழில் எழுதுகிற எனக்கு
மூன்று புள்ளி என்றால் ஓர் எழுத்து.
உயிரோடும் சேராது, மெய்யோடும் சேராது.
தனிநிலை என்று அதற்குப் பெயர்.
வெர்னாவுக்கு அது
காப்பீட்டில் வருடத்துக்கு இருநூற்றுச் சொச்சம்.

அப்புறம் வேலை.
பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்,
பதிவில் இதுவரை ஒரு கீறல் இல்லை.
கண்காணிப்பாளர் தீசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கன்சாஸில் உனக்கு என்ன வேலை?"
"வழி தவறிட்டேன்."
ஹெப்ரனிலிருந்து கன்கார்டியாவுக்கு
எண்பத்தொன்றாம் நெடுஞ்சாலை
அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி.
அவருக்கும் தெரியும்.
"இன்னொன்று வந்தால் சாவியை வாங்கவேண்டியிருக்கும், வெர்னா."
வேறெதுவும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஓர் உறை. அனுப்பியவர் பெயரில்லை.
உள்ளே கன்கார்டியா செய்தித்தாளின் ஒரு துண்டு,
கத்தரிக்கோல் எடுக்கச் சோம்பல்பட்டு
கையாலேயே கிழித்தது.
அபராதம் கட்டியவர்கள் பட்டியல்.
நாய்க்கு உரிமம் வாங்காத ஒருவருக்கும்
சீட் பெல்ட் போடாத ஒருவருக்கும் நடுவில்
ஹ்ருஷ்கா, வெர்னா. ஹெப்ரன், நெப்ராஸ்கா. 65-இல் 84.

ஓரத்தில் பென்சில்.
பள்ளிக்கூட நாளிலிருந்தே இடப்பக்கம் சாய்கிற கையெழுத்து:
"வரும்போதா, போகும்போதா?"

காலை ஆறு மணி. மைனஸ் பன்னிரண்டு.
பேருந்து சூடாகக் கால்மணி நேரம் பிடிக்கும்.
போனை எடுத்தாள். வைத்தாள்.
துண்டை மடித்து
தலைக்குமேல் வெயில்மறைப்பில் செருகினாள்.

அன்று முழுக்க இருபதைத் தாண்டவில்லை.
பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.
பிள்ளைகள் மணி பார்த்தார்கள்.
சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.